குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று ஐயப்படும் பெற்றோருக்கு: குறிப்பேடு முதல் மருந்துச் சீட்டு வரை

எங்கள் மகனுக்கு 7 வயது நடந்துகொண்டிருந்தபோது, வகுப்பில் அவன் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை என்று பள்ளியிலிருந்து முதல் முறை அழைத்தார்கள். அவனுக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது எல்லோரும் ஏ.டி.எச்.டி. என்று சொல்வது, இருக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டது அதற்கு 14 மாதங்கள் கழித்து. அந்த 14 மாதங்களில் மருத்துவத்துக்கென்று உண்மையில் செலவான நாட்கள் ஐந்தோ ஆறோதான். மற்ற நாட்களெல்லாம் போகக்கூடாத இடத்தில் போய் நின்றதிலும், கையில் இல்லாத ஒரு தாளுக்காகத் திரும்பி வந்ததிலும் கரைந்தன. தமிழ்நாட்டில் இதே வரிசையில் இப்போது நிற்கும் பெற்றோருக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கணினியில் விளையாடச் சொல்லும் தேர்வோ தனியாக நின்று இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. குழந்தையை வீட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் பார்ப்பவர்கள் சொல்வதைக் கோத்துப் பார்த்தும், குழந்தையோடு நேரில் பேசியும்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். ஆகவே அவர் முன் வைக்க வேண்டிய சான்றுகளைத் திரட்டும் வேலை நம்முடையது. அதை முதலிலேயே செய்துவிட்டால் மாதங்கள் மிச்சமாகும்.

1. முதல் இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, நேரம், இடம், அப்போது அவன் செய்ய வேண்டியிருந்த வேலை, நடந்தது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். "சேட்டை தாங்க முடியவில்லை" என்று எழுதினால் அதை வைத்து மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. "மாலை 6.10, ஐந்து கணக்கு, மூன்றாவது கணக்குக்குள் ஏழு முறை எழுந்தான், 50 நிமிடம்" என்று எழுதினால் அவருக்கு அது போதும். நன்றாக இருந்த நேரங்களையும் எழுத வேண்டும். பிடித்த கார்ட்டூனை ஒரு மணி நேரம் அசையாமல் பார்க்கிறானே, அவனுக்கு எப்படிக் கவனக்குறைவு இருக்கும் என்று என் மாமனார் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிடித்ததில் ஒன்றிவிடுவதும் பிடிக்காததில் ஒரு நிமிடம் நிற்க முடியாததும் இக்குழந்தைகளிடம் சேர்ந்தே காணப்படும் என்பதை மருத்துவர் சொன்ன பிறகுதான் நாங்களும் அறிந்தோம்.

மருத்துவர் எதைத் தேடுகிறார் என்பது தெரிந்தால் எழுதுவது எளிது. கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளும், மிகையியக்கம் மற்றும் அவசரச் செயல்பாட்டுக்கு 9 அறிகுறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது 6 அறிகுறிகளாவது, குழந்தையின் வயதுக்குப் பொருந்தாத அளவில், 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும். படிப்பையோ உறவையோ பாதித்திருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் தொல்லை என்றால் அங்கே ஆசிரியரோ பாடமோ கேலி செய்யும் பிள்ளைகளோ காரணமாக இருக்கலாம். வீட்டில் மட்டும் என்றால் வீட்டைப் பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே சற்று நிதானித்துப் படியுங்கள். என் அண்ணன் மகள் ஓடியதும் இல்லை, குதித்ததும் இல்லை. சன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பாள், டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் தொலைப்பாள், பாதி எழுதிய விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வருவாள். மிகையியக்கம் இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை அது. யாருக்கும் தொந்தரவு இல்லாததால் 12 வயது வரை அவளுக்குக் கிடைத்த பெயர் "கனவுக்காரி".

நோட்டோடு ஒரு கோப்பையும் தொடங்கிவிடுங்கள். பிறப்பின்போது மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கம் (எடை, குறைமாதமா, இன்குபேட்டரில் இருந்தானா என்பதைக் கட்டாயம் கேட்பார்கள்), தடுப்பூசி அட்டை, கடந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் அட்டைகள், பள்ளி டைரியில் ஆசிரியர் எழுதிய புகார்கள், பாதியில் நிற்கும் பள்ளி நோட்டுகள் இரண்டு ஆகியவை அதில் இருக்கட்டும். அந்தப் பாதி நோட்டுகளை நான் எடுத்துப்போகவில்லை. அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த முறை என்பது மூன்று வாரம் கழித்து வந்தது.

2. காது, கண், தூக்கம், இரத்தம்

கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதாத குழந்தைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும் குழந்தை, மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியால் இரவெல்லாம் தூக்கம் கெட்டுப் பகலில் துறுதுறுவென்று அலையலாம். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே தோற்றம் காட்டக்கூடும். எனவே வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, செவித்திறன் சோதனை, கண் பார்வைச் சோதனை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றில் அவர் தேவை என்று கருதுவதை ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் முடித்தால் செலவு பேருந்துக் கட்டணம்தான். தனியாரில் எங்களுக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் ஆனது.

மூளை மின்னலைப் பதிவு, அதாவது இ.இ.ஜி., எல்லோருக்கும் தேவையில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைந்து, பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க அது பயன்படும். அப்படி எதுவும் இல்லாத எங்கள் மகனுக்கு, ஒரு தனியார் மையம் "மூளை வரைபடம்" எடுத்து, வண்ணப் படங்களோடு 20 பக்க அறிக்கை தந்து, 40 அமர்வுகள் கொண்ட பயிற்சித் தொகுப்பை 28,000 ரூபாய்க்கு விற்றது. பின்னால் வந்த எந்த மருத்துவரும் அந்த அறிக்கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பணமாகத் தொகுப்பு விற்கும் இடம் எதுவானாலும், குழந்தையின் ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்காமலே முடிவு சொல்லும் இடம் எதுவானாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

3. யாரிடம் போவது

நோயை உறுதிசெய்து மருந்து எழுதக்கூடியவர்கள் மருத்துவர்கள்: குழந்தைகளுக்கான மனநல மருத்துவர், வளர்ச்சிசார் குழந்தை மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடு செய்வார், நடத்தைப் பயிற்சி தருவார். மருந்து எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண் இல்லாத அறிக்கை பிற்பாடு பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் செல்லாமல் போகும். கேட்பதற்கு எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பதிவு பெற்றவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொண்டதில்லை.

கட்டணமில்லாத வழி ஒன்று இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் செயல்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பார்க்கிறது. திட்டத்தில் பட்டியலிடப்பட்ட 30 உடல்நலச் சிக்கல்களில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தலைமை மருத்துவமனையிலோ இந்த மையத்தை விசாரியுங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஆகியவை உண்டு. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கும் நம் பக்கத்துப் பெற்றோர் நிறையப் பேர் போகிறார்கள். வெளியூர் என்றால் மதிப்பீடு ஒரே நாளில் முடியும் என்று எண்ணித் திரும்பும் டிக்கெட்டை அன்றைக்கே போட்டுவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

4. ஆசிரியர் நிரப்ப வேண்டிய படிவம்

என்னைக் கேட்டால், மொத்தப் பயணத்திலும் அதிகத் தாமதம் நேரும் இடம் இதுதான். 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வாண்டர்பில்ட் எனப்படும் வினாத்தாளைத் தருவார்கள். பெற்றோருக்கு 55 வினாக்கள், ஆசிரியருக்கு 43. சிலர் கானர்ஸ் எனப்படும் படிவத்தைத் தருவார்கள். ஆசிரியரின் தாள் இல்லாமல் நல்ல மருத்துவர் எவரும் முடிவெழுத மாட்டார். ஆகவே முதல் சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே, ஆசிரியர் படிவத்தை முன்கூட்டித் தர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாண்டர்பில்ட் தாளில் அறிகுறி பற்றிய ஒவ்வொரு வினாவுக்கும் "இல்லை", "எப்போதாவது", "அடிக்கடி", "மிக அடிக்கடி" என்று நான்கு விடைகள் இருக்கும். கடைசி இரண்டைக் குறித்தால்தான் அது அறிகுறியாகக் கணக்கில் சேரும். இது தெரியாமல், பிள்ளைமேல் பரிதாபப்பட்டு எல்லாவற்றுக்கும் "எப்போதாவது" என்று குறித்த ஆசிரியையின் தாளால் எங்கள் மகனின் முதல் மதிப்பீடு "உறுதியில்லை" என்று முடிந்தது. அவர் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இரண்டாம் முறை நானே நேரில் போய், "மிஸ், இவனைப் பற்றிய குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்கள் பார்ப்பதை அப்படியே குறியுங்கள், மருத்துவருக்கு அதுதான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, ஒட்டிய உறையில் வைத்துத் தரும்படி கேட்டேன். பதினைந்து நிமிட வேலைதான் என்றாலும் நாற்பது பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். கல்வியாண்டு தொடங்கிய ஜூன் மாதத்தில் கேட்காதீர்கள். குழந்தையை இரண்டு மாதமாவது பார்த்த பிறகே அவர் விடைக்குப் பொருள் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் நல்ல காலம். ஆண்டு விடுமுறையில் மருத்துவரிடம் போனால் படிவம் ஆகஸ்ட் வரை காத்திருக்கும்.

பெற்றோர் படிவத்தைத் தாயும் தந்தையும் தனித்தனியே நிரப்புவது நல்லது. ஒருவர் குறித்ததைப் பார்த்து மற்றவர் திருத்துவதால் வரும் வீட்டுச் சண்டையும் மிச்சம்.

5. மதிப்பீட்டு நாளும் அறிக்கையும்

மருத்துவர் பேசிப் பார்ப்பதோடு, உளவியலாளர் அறிவுத்திறன் தேர்வும், தேவைப்பட்டால் கற்றல் குறைபாட்டுக்கான தேர்வும் வைப்பார். இந்தக் குழந்தைகளில் பலருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ தனிக் குறைபாடும் சேர்ந்திருக்கும். ஆனால் அதை ஏறத்தாழ 8 வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம். எங்களுக்கு இரண்டு காலைகள், மொத்தம் நான்கரை மணி நேரம், 6,500 ரூபாய். முந்தைய இரவு நன்றாகத் தூங்க வையுங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். பிடித்த தின்பண்டமும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்கு எந்த மொழியில் சிந்தனை ஓடுகிறதோ அந்த மொழியிலேயே தேர்வு நடக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆங்கிலவழிப் பள்ளி என்பதாலேயே ஆங்கிலத்தில் வைத்து, வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண் போட்ட கதைகள் காத்திருப்பு அறையில் நிறையக் கேட்டேன்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். குழந்தையின் பெயர் ஆதாரில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா, பிறந்த தேதி சரியா, எந்தெந்தத் தேர்வு வைக்கப்பட்டது, மதிப்பெண் எவ்வளவு, முடிவு என்ன, அதற்குரிய நோய்க் குறியீடு (ஐ.சி.டி. 10 முறையில் எஃப் 90 என்று தொடங்கும்), பள்ளிக்கான பரிந்துரைகள், கையெழுத்து, முத்திரை, பதிவு எண், தேதி ஆகிய அனைத்தும் வேண்டும். "கவனம் தேவை" என்ற அளவில் மழுப்பி எழுதிய அறிக்கை எங்கும் உதவாது. மூன்று நகல் எடுத்துவிட்டு, மூலத்தை யாரிடமும், பள்ளியிடமும்கூட, ஒப்படைக்காதீர்கள்.

6. பயிற்சி முதலில் பெற்றோருக்கு

6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சிதான். அதைத் தாண்டிய வயதில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து போகும். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு நாம் வெளியே கைப்பேசி பார்க்கும் பயிற்சியில் அவ்வளவாகப் பயன் இல்லை. மாற வேண்டிய பழக்கங்கள் நம் கூடத்திலும் சமையலறையிலும் இருக்கின்றன. அருகில் போய், முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது. செய்து முடித்தவுடனே பாராட்டுவது (மாத இறுதியில் சைக்கிள் என்ற வாக்குறுதி இவர்களிடம் எடுபடாது). வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிப்பது. மறுநாள் பையை இரவே வாசலில் வைப்பது. படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இவற்றை நாள்தோறும் செய்வதற்கு எங்களுக்கு நான்கு மாதப் பழக்கம் தேவைப்பட்டது. ஒரு அமர்வு 600 ரூபாய் என்று எட்டு அமர்வுகள் போனோம். அமர்வுக்கு அமர்வு பணம் கொடுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள்.

7. மாத்திரை: சீட்டு, கடை, கண்காணிப்பு

மருந்து தொடங்கலாமா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். அளவு பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் மருந்து வாங்குவதில் உள்ள சிக்கலை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வழக்கமாக முதலில் எழுதப்படும் மீத்தைல்ஃபெனிடேட், மருந்துச் சட்ட விதிகளின் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் உள்ளது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. இதனால் அதற்கான சீட்டை மருத்துவர் இரண்டு படிகளாக (பிரதிகளாக) எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தனி உரிமம் உள்ள கடைகள் மட்டுமே இதை விற்கலாம், அப்படிப்பட்ட கடைகள் மிகக் குறைவு. ஒற்றைச் சீட்டோடு ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து கடைகள் ஏறி இறங்கினேன். ஆறாவது கடையில் மருந்து இருந்தது, ஆனால் இரண்டாம் படி இல்லாததால் தர மறுத்தார்கள். அவர்கள் செய்தது முறைதான். ஆகவே மருத்துவர் அறையிலேயே மூன்று செய்திகளை உறுதிசெய்யுங்கள்: சீட்டு இரண்டு படிகள் உள்ளனவா, மருந்தின் பெயர், அளவு, மொத்த எண்ணிக்கை, தேதி, மருத்துவரின் பதிவு எண் தெளிவாக உள்ளனவா, எந்தக் கடையில் கிடைக்கும். கடைக்குப் போகும் முன் தொலைபேசியில் இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வார மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. 2020-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளைக் காணொளி ஆலோசனையில் எழுதித் தர முடியாது. இணையவழி ஆலோசனைக்குப் பணம் கட்டிவிட்டு அந்தச் சீட்டை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். வெளியூர் மருத்துவரிடம் சிகிச்சை என்றால், தொடர்ந்து எழுதித் தர உள்ளூரில் ஒரு மனநல மருத்துவரை அவரே கடிதம் கொடுத்து அறிமுகப்படுத்தும்படி கேளுங்கள்.

இரத்த உறவில் யாருக்கேனும் இளம்வயதில் இதயநோயோ திடீர் மரணமோ நேர்ந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொடங்கும் நாளில் உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைக் குறித்து, ஒவ்வொரு வருகையிலும் மீண்டும் பார்க்க வேண்டும். குறுகிய நேரம் வேலை செய்யும் வகையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரமும், நீண்ட நேர வகையின் பலன் 8 முதல் 12 மணி நேரமும் இருக்கும். பசி குறைவதுதான் நாங்கள் பார்த்த முதன்மையான பக்கவிளைவு. மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. மாத்திரைக்கு முன்பே வயிறார இட்லியோ தோசையோ கொடுத்துவிடுவதும், மாலையில் பசி திரும்பும்போது ஒரு முழுச் சாப்பாடு தருவதுமாகச் சமாளித்தோம். தூக்கம் தள்ளிப்போவது, வயிற்றுவலி, தலைவலி, மருந்தின் வேகம் இறங்கும் மாலை நேரத்தில் எரிச்சல் ஆகியவையும் வரலாம். "பிள்ளைக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிறாயா" என்று உறவினர்கள் கேட்பார்கள். இது தூக்க மருந்து இல்லை. குழந்தை சிரிப்பில்லாமல் பொம்மைபோல் உட்கார்ந்திருந்தால் அது வெற்றி ஆகாது. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

மற்றொரு மருந்தான அட்டமாக்ஸிடின் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இல்லை என்பதால் கடையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதன் பலன் முழுதாகத் தெரியப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். பத்தாம் நாளே பயனில்லை என்று நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடங்கிய வாரங்களில் குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

8. பள்ளியும் சலுகையும்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளன. எனவே இந்த ஒரு முடிவை மட்டும் வைத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும் என்று நம்பி அலையாதீர்கள். கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் அதற்கான சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனைக் குழுவிடம் போகலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் கேட்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களைத் தயார் செய்யுங்கள்; பத்தாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு ஓடுவது வீண்.

முதல் வரிசையில் இடம், நீண்ட விடையைப் பிரித்து எழுத அனுமதி, நடுவில் ஒருமுறை எழுந்து கரும்பலகை துடைக்கும் வேலை போன்ற வகுப்பறை உதவிகளுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. மருத்துவர் அறிக்கையின் பரிந்துரைப் பக்கத்தின் நகலை மட்டும், ஒரு பக்கக் கடிதத்தோடு, கொடுத்ததற்கு அத்தாட்சியாகத் தேதியிட்ட கையொப்பம் பெற்றுக் கொடுங்கள். அறிவுத்திறன் மதிப்பெண் உள்ள பக்கங்கள் வகுப்பாசிரியருக்கு வேண்டாம்.

9. ஊர் மாறும்போது

வேலை மாறிப் போகிறவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் சிகிச்சைச் சுருக்கம் ஒன்று எழுதி வாங்குங்கள்: தொடங்கிய தேதி, மருந்து, இப்போதைய அளவு, முன்பு ஒத்துக்கொள்ளாதவை, கடைசி எடை. அது இல்லாவிட்டால் புதிய ஊரில் கதையை முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். வளைகுடா நாடுகளுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். மீத்தைல்ஃபெனிடேட் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஐக்கிய அரபு அமீரகத்தில் பயணத்துக்கு முன்பே இணையத்தில் அனுமதி பெற வேண்டும். மாத்திரையை அதன் பெட்டியிலேயே, பயண நாட்களுக்குத் தேவையான அளவு மட்டும், மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். என் தம்பி பொறுப்பாக மாத்திரைகளை நாள்வாரிப் பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்து அடுக்கியிருந்தான். அவற்றைத் திரும்பப் பெட்டிக்குள் போடவே கிளம்பும் முந்தைய இரவு எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.